டி5300-க்குக் கட்டுப்படியாகிற எஃப்/2.8 ஜூம்: டாம்ரானா, சிக்மாவா?

மேடைஓரம்:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது நிக்கான் டி5300. கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ், பிறகு வாங்கிய 55-200, இவ்வளவுதான் என் சொத்து. பகலில் வெளியே எடுக்கிற படங்களில் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்குள் வந்துவிட்டால் தொல்லை ஆரம்பம். மகளுக்கு ஏழு வயது, உட்கார் என்றால் நிற்பாள், நில் என்றால் ஓடுவாள். பத்துப் படத்தில் எட்டு அசைந்துபோய்த்தான் கிடைக்கிறது. ஐ.எஸ்.ஓ.வை (சென்சாரின் ஒளியுணர்வை) 6400-க்கு ஏற்றினால் முகத்தில் மணல் தூவினாற்போல ஆகிவிடுகிறது. பள்ளி மேடையில் அவள் ஆடியபோது எடுத்தவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நிக்கானின் சொந்த 17-55 எஃப்/2.8 (எஃப் எண் சிறிசானால் உள்ளே வரும் வெளிச்சம் அதிகம்) விலையைப் பார்த்தேன், பேசாமல் பக்கத்தை மூடிவிட்டேன். தேர்ட் பார்ட்டி லென்ஸ்தான் எனக்குக் கட்டும். மூன்றில் வந்து நிற்கிறேன்: டாம்ரான் 17-50 எஃப்/2.8, வி.சி. (கை நடுக்கத்தைச் சமாளிக்கிற ஸ்டெபிலைசேஷன்) இல்லாத பழையது, அதே டாம்ரான் வி.சி.யோடு, சிக்மா 17-50 எஃப்/2.8 ஓ.எஸ். (சிக்மாவில் ஸ்டெபிலைசேஷனுக்கு இந்தப் பெயர்). செகண்ட் ஹேண்டாக இருந்தாலும் சரி. ஒருவர் வி.சி. இல்லாத டாம்ரான்தான் கூர்மை என்கிறார், இன்னொருவர் ஸ்டெபிலைசேஷன் இல்லாத லென்ஸைக் கையாலும் தொடாதே என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? வேறு கம்பெனி லென்ஸை மாட்டினால் பாடிக்கு ஏதாவது ஆகுமா? அப்புறம், எல்லோரும் மிரர்லெஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாத கேமராவுக்கு) போகிற நேரத்தில் டி.எஸ்.எல்.ஆர். லென்ஸில் பணம் போடுவது சரிதானா?

ஒளித்துளி:

லென்ஸ் பேச்சுக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். கெட்டுப்போன அந்தப் படங்களைக் கணினியில் திறந்து ஷட்டர் வேகம், அப்பர்ச்சர் (அந்த எஃப் எண்), ஐ.எஸ்.ஓ., எத்தனை மி.மீ.யில் (எவ்வளவு ஜூம் வைத்து) எடுத்தீர்கள் என்ற நான்கையும் பாருங்கள், எல்லாம் படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும். ஷட்டர் 1/40, 1/60 நொடி என்றுதான் இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன். ஓடுகிற குழந்தைக்கு 1/250-ஆவது வேண்டும், ஆடுகிற குழந்தைக்கு அதற்கும் மேல்.

கணக்கு சுலபம்தான். கிட் லென்ஸ் 55 மி.மீ.யில் எஃப்/5.6. அங்கிருந்து எஃப்/2.8 என்பது இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு வெளிச்சம், அதே ஐ.எஸ்.ஓ.வில் 1/60 இருந்தது கிட்டத்தட்ட 1/250 ஆகிவிடும். ஆனால் 18 மி.மீ.யில் கிட் லென்ஸே எஃப்/3.5 திறக்கிறது, அங்கே எஃப்/2.8-க்கு மாறினால் ஒரு ஸ்டாப்கூட முழுசாகக் கிடைக்காது. நீங்கள் எப்போதும் 18-இலேயே எடுக்கிறவர் என்றால் புது ஜூம் வாங்கி ஏமாந்துபோவீர்கள்.

ஸ்டெபிலைசேஷன் விஷயம். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடித்து நிறுத்தும், உங்கள் மகளைப் பிடித்து நிறுத்தாது. 1/20-இல் சுவர்க் கடிகாரம் கத்திபோல விழும், அதன் முன்னால் ஓடுகிற குழந்தை ஒரு கோடாகத்தான் விழும். 1/250-க்கு வந்துவிட்டால் 50 மி.மீ.யில் வி.சி. இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். உங்கள் கிட் லென்ஸிலும் வி.ஆர். என்ற பெயரில் அதே வசதி இருக்கிறதே, அதனால் என்ன பயன் கண்டீர்கள்? அசையாத பொருள், மங்கிய வெளிச்சம், டிரைபாட் கிடையாது, இப்படி எடுக்கிறவருக்குத்தான் அது வரம். வீடியோவுக்கும் உதவும், அது வேறு கதை.

கூர்மையைப் பொறுத்தவரை நண்பர் சொன்னது பொய்யில்லை. 2006-இல் வந்த வி.சி. இல்லாத டாம்ரான், எஃப்/2.8-இலேயே 2009-இல் வந்த வி.சி. மாடலைவிட நன்றாக எடுக்கும் என்பது இரண்டையும் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் சொல்வது, என் அனுபவமும் அதுதான். 434 கிராம்தான் எடை. ஆனால் அதன் மோட்டார் போடுகிற சத்தம் இருக்கிறதே, அமைதியான அறையில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஃபோகஸ் ஆகும்போது முன் வளையமும் கூடவே சுற்றும், விரலை அங்கே வைத்துவிடாதீர்கள். சிக்மா 565 கிராம், உங்கள் கிட் லென்ஸைப்போல இரண்டு மடங்குக்கு மேல், ஆனால் ஃபோகஸ் வேகமும் அமைதியும் அதில்தான். நடுப்பகுதி எஃப்/2.8-இலேயே நல்ல கூர்மை, ஓரங்கள் சுமார். குழந்தையை ஓரத்தில் வைத்து எடுக்கப்போகிறீர்களா என்ன.

என் ஓட்டு சிக்மாவுக்கு. ஆனால் முதலில் அந்த நான்கு எண்களோடு வாருங்கள்.

சும்மாபார்ப்பவன்:

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது நண்பா, டாம்ரான் 17-50 பழையது ஒன்று பிடித்துப் போடுங்கள். நான் ஆறு வருஷம் டி90-இல் மாட்டியே வைத்திருந்தேன், கழற்றியதே இல்லை. மூன்றிலும் விலை குறைச்சல் அதுதான்.

பழையமவுண்ட்:

மேலே சொன்ன நண்பர் டி90 வைத்திருந்தார், அதனால் தப்பித்தார். மேடைஓரம், நீங்கள் அப்படியே போய் வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

டி90, டி7000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் உண்டு. மவுண்ட் (லென்ஸ் மாட்டுகிற வளையம்) ஓரத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனைபோல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், அது லென்ஸுக்குள் இருக்கிற பள்ளத்தில் உட்கார்ந்து சுற்றித்தான் ஃபோகஸ் பண்ணும். 2006-இல் வந்த டி40 தொடங்கி டி3000 வரிசை, டி5000 வரிசை எல்லாவற்றிலும் அந்த மோட்டாரை எடுத்துவிட்டார்கள். உங்கள் டி5300 அந்தக் குடும்பம். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருந்தால்தான் ஆட்டோஃபோகஸ், இல்லாவிட்டால் வளையத்தைத் திருகிக்கொண்டு மகள் பின்னால் ஓட வேண்டியதுதான்.

வி.சி. இல்லாத அந்த டாம்ரான் (மாடல் பெயர் ஏ16) நிக்கான் மவுண்டில் இரண்டு விதமாக வந்திருக்கிறது. முதலில் வந்ததில் மோட்டார் கிடையாது. பிறகு உள்ளே மோட்டார் வைத்து ஏ16 என்.ஐ.ஐ. என்று விட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், விற்கிறவருக்கே பல நேரம் எது என்று தெரியாது. லென்ஸைக் கவிழ்த்து மவுண்டைப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவர் உட்காருகிற பள்ளம் இருந்தால் அது உங்களுக்கு வேண்டாதது. வி.சி. டாம்ரானிலும் ஓ.எஸ். சிக்மாவிலும் இந்தக் கவலை இல்லை, இரண்டிலும் மோட்டார் உள்ளேயே இருக்கிறது. நாளைக்கு அகலக்கோணம் வேண்டும் என்று டோக்கினா 11-16 பக்கம் போனாலும் இதே பொறிதான், முதல் மாடலில் மோட்டார் இல்லை, இரண்டாவது மாடலில்தான் உண்டு.

எழுத்துகளையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், விளம்பரத்தில் பாதிப்பேர் தப்பாகப் போடுவார்கள். டாம்ரானில் டி.ஐ. டூ, சிக்மாவில் டி.சி., டோக்கினாவில் டி.எக்ஸ். என்றால் உங்கள் அளவு சென்சாருக்கானது. டி.ஐ., டி.ஜி., எஃப்.எக்ஸ். என்றால் ஃபுல் ஃப்ரேமுக்கு, அதாவது பெரிய சென்சார் கேமராவுக்கு. உங்களுக்கும் பொருந்தும், எடையைச் சுமப்பது உங்கள் பாடு. டி.ஐ. த்ரீ, டி.என். என்று கண்டால் மேலே படிக்காமல் நகர்ந்துவிடுங்கள், அது மிரர்லெஸுக்கு, உங்கள் கேமராவில் மாட்டவே மாட்டாது.

பாடிக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றும் ஆகாது. ஆபத்து வேறு பக்கம். டி.எஸ்.எல்.ஆர். காலத்தில் இந்த நிறுவனங்கள் கேமராவும் லென்ஸும் பேசுகிற மொழியைத் தாங்களாகவே ஆராய்ந்து கண்டுபிடித்துத்தான் லென்ஸ் செய்தார்கள், கேமரா கம்பெனி எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் புதுப் பாடி வரும்போது பழைய லென்ஸ் திருதிருவென்று விழிக்கும். உங்கள் டி5300-உக்கே இது நடந்தது: 2013-இல் அது வந்தபோது சில சிக்மா லென்ஸ்கள் அதில் ஒழுங்காக வேலை செய்யவில்லை, சிக்மாவே அறிவித்து ஃபர்ம்வேரை (லென்ஸுக்குள் இருக்கிற மென்பொருளை) மாற்றிக் கொடுத்தது. எனவே அதற்கு முன்னால் விற்ற சிக்மா பிரதி கிடைத்தால் உங்கள் பாடியில் மாட்டிப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

மிரர்லெஸ் கேள்விக்கு ஒரு வரி. டி.எஸ்.எல்.ஆர். லென்ஸை மிரர்லெஸில் மாட்ட 2018-இல் நிக்கான் விட்ட எஃப்.டி.இசட். அடாப்டருக்குள்ளும் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, ஆகவே மோட்டார் உள்ள லென்ஸாக வாங்கினால் பின்னால் கூடவே வர வாய்ப்பாவது உண்டு.

மேடைஓரம்:

பழையமவுண்ட், கையெடுத்துக் கும்பிடுகிறேன். நாளை ஒரு ஏ16 பார்க்கப் போவதாக இருந்தேன். விற்பவரிடம் மவுண்ட் படம் கேட்டேன், பள்ளம் இருக்கிறது!

ஒளித்துளி, நீங்கள் சொன்னபடி உட்கார்ந்து நூற்றுச் சொச்சம் படங்களைப் பார்த்தேன். பந்தயத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள். வீட்டுக்குள் எடுத்தவை பெரும்பாலும் 35-லிருந்து 55-க்குள், எஃப்/5 அல்லது 5.6, ஷட்டர் 1/50 பக்கம், ஐ.எஸ்.ஓ. 3200. 18-இல் எடுத்தது கொஞ்சம்தான். மேடைப் படங்கள் எல்லாம் 55-200-இல், 120-லிருந்து 200 வரை, அதுவும் எஃப்/5.6, 1/80.

அரைநொடி:

வாங்கும் முன் என் கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கும் உங்களைப்போல ஆரம்பநிலை பாடிதான். ஒரு எஃப்/2.8 ஜூம் வாங்கினேன், எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, எல்லாரிடமும் நல்லதும் உண்டு கெட்டதும் உண்டு. முதல் மாதம் முழுக்க நான்தான் சரியாக எடுக்கவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது கூர்மையாக விழும். மூக்கைக் குறிவைத்து எடுத்துப் பார்த்தேன், அப்போது கண் சரியாக விழுந்தது! அதை வைத்தே கொஞ்ச நாள் ஓட்டினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். டி.எஸ்.எல்.ஆரில் வியூஃபைண்டர் வழியாக ஃபோகஸ் பண்ணும்போது தூரத்தை அளப்பது படம் பதிகிற சென்சார் இல்லை, கண்ணாடிக்குக் கீழே தனியாக இருக்கிற இன்னொரு சென்சார். அது சொல்கிற தூரத்துக்கும் லென்ஸ் போய் நிற்கிற இடத்துக்கும் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் எஃப்/2.8-இல் பல்லைக் காட்டிவிடும். எஃப்/5.6-இல் கூர்மை விழுகிற ஆழம் அதிகம், தவறு அதற்குள்ளேயே ஒளிந்துகொள்ளும்; அதனால்தான் கிட் லென்ஸில் யாருக்கும் இந்தப் புகார் வருவதில்லை. லைவ் வியூவில், அதாவது பின்திரையைப் பார்த்து எடுக்கும்போது, படம் பதிகிற சென்சாரிலிருந்தே ஃபோகஸ் எடுப்பதால் அங்கே இந்தக் கோளாறு வராது. சோதனையும் அதிலிருந்தே கிடைத்துவிடுகிறது: கேமராவை டிரைபாடில் வையுங்கள், சுவரில் எழுத்துள்ள தாள் ஒன்றை ஒட்டுங்கள், எஃப்/2.8-இல் வியூஃபைண்டர் வழியாக ஐந்து படம், லைவ் வியூவில் ஐந்து படம். ஒவ்வொரு முறையும் வளையத்தைக் கலைத்துவிட்டு எடுக்க வேண்டும், முக்கியம். லைவ் வியூ படங்கள் கூர்மையாகவும் மற்றவை மங்கலாகவும் இருந்தால் லென்ஸ் உங்கள் பாடியோடு ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். ஐந்தும் ஐந்து விதமாக இருந்தால் அது வேறு வியாதி, அந்தப் பிரதியே வேண்டாம்.

டி7000 மாதிரிப் பாடி என்றால் மெனுவில் ஃபைன் ட்யூன் போய்த் திருத்திக்கொள்ளலாம். டி5300-இல் அது கிடையாது. சிக்மாவின் யு.எஸ்.பி. டாக் (லென்ஸைக் கணினியோடு இணைக்கிற கருவி) இருந்தால் லென்ஸுக்குள்ளேயே திருத்தலாம், ஆனால் அது ஆர்ட், கன்டெம்பரரி, ஸ்போர்ட்ஸ் என்று பெயர் போட்டு வந்தவற்றுக்கு மட்டும்தான். உங்கள் பட்டியலில் இருக்கிற 17-50 அதற்கு முந்தையது, டாக் வேலைக்கு ஆகாது. இதனால்தான் நான் 17-70 எஃப்/2.8-4 கன்டெம்பரரியை எப்போதும் சொல்வேன், 50-இல் எஃப்/2.8 கிடைக்காது, ஆனால் தப்பு இருந்தால் வீட்டிலேயே திருத்திக்கொள்ளலாம். 17-50 மேலேதான் ஆசை என்றால் திருப்பித் தருகிற வசதியோடு வாங்குங்கள், இல்லை நேரில் போய் உங்கள் பாடியிலேயே மாட்டிப் பாருங்கள். நான் கடைசியில் சர்வீஸில் கொடுத்துத்தான் சரிசெய்தேன், மூன்று வாரம் லென்ஸ் கையில் இல்லை.

ஒளித்துளி:

எண்களைப் பார்த்த பிறகு என் ஓட்டை மாற்றிக்கொள்கிறேன், கோபிக்காதீர்கள். 35-லிருந்து 55-க்குள்தான் வாழ்கிறீர்கள் என்றால் உங்களுக்கு ஜூமே எதற்கு? நிக்கானின் சொந்த 35 எஃப்/1.8 டி.எக்ஸ்., 2009-இல் வந்தது, மோட்டார் உள்ளே இருக்கிறது, இந்த மூன்று ஜூமையும்விட மலிவு. எஃப்/5.6-லிருந்து எஃப்/1.8 என்றால் பத்து மடங்கு வெளிச்சம். 1/50 போய் 1/500 வரும், அல்லது 1/250-இல் நின்று ஐ.எஸ்.ஓ.வைப் பாதியாகக் குறைக்கலாம். தேர்ட் பார்ட்டிதான் மலிவு என்பது எப்போதும் உண்மையில்லை, சின்ன பிரைம் (ஜூம் ஆகாத) லென்ஸ்களில் கேமரா கம்பெனிக்காரனே மலிவாகத் தருகிறான்.

பழையமவுண்ட்:

அதை மறுக்கவில்லை, ஆனால் ஏழு வயதுப் பிள்ளையை பிரைமில் துரத்திப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு நொடி அறையின் அந்தக் கோடி, அடுத்த நொடி உங்கள் மடி. அதோடு 50 மி.மீ.யில் ஒன்றரை மீட்டர் தூரத்தில் எஃப்/1.8 வைத்தால் கூர்மை விழுகிற ஆழம் ஏறத்தாழ 6 செ.மீ.தான், ஒரு கண் கிடைத்தால் இன்னொரு கண் போய்விடும். 35-இல் அதற்கு இரண்டு மடங்கு, அதனால் 50-ஐவிட 35 நல்ல யோசனைதான், அதை ஒத்துக்கொள்கிறேன். எப்படியும் அவர் எஃப்/2.5, 2.8-க்குத்தான் வந்து நிற்பார். அப்படியானால் ஜூமில் என்ன நஷ்டம்?

மேடைப் படத்துக்கு 17-50 உதவாது, அதை யாரும் சொல்லவில்லையே. நீங்கள் 120-லிருந்து 200 வரை போகிறீர்கள். உண்மையான மருந்து 70-200 எஃப்/2.8, அது டாம்ரானானாலும் சிக்மாவானாலும் இப்போதைய உங்கள் பணத்துக்குள் வராது. பணமில்லாத வைத்தியம் ஒன்று சொல்கிறேன். மேடையில் பின்னணி கறுப்பு, விளக்கு முழுக்கப் பிள்ளைமேல். கேமரா அந்தக் கறுப்பையும் சேர்த்து அளந்து, இருட்டாக இருக்கிறதே என்று ஷட்டரை மெதுவாக்கிவிடுகிறது. படத்தில் முகம் சுண்ணாம்பு பூசினாற்போல வெளுத்திருக்குமே, பார்த்திருப்பீர்கள். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற அமைப்பை) மைனஸ் 1 வையுங்கள், முகமும் சரியாகும், 1/80 உங்களுக்கு 1/160 ஆகவும் கிடைக்கும். முகம் இன்னும் வெளுத்தால் மைனஸ் 1.7. ரா-வில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுங்கள். ஆட்டத்தில் ஒரு முத்திரை பிடித்து நிற்கிற கணம் வரும், அப்போது அழுத்துங்கள், சுற்றும்போது அழுத்தாதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் பார்க்கப் போகிறீர்கள் என்றால் கையில் ஃபோன் டார்ச் வேண்டும். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து வெளிச்சத்தைச் சரிவாக அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். தூசி நாலைந்து இருக்கத்தான் செய்யும், படத்தில் தெரியாது, அதைக் காட்டிப் பேரம் மட்டும் பேசலாம். சிலந்தி வலையோ வேரோ படர்ந்த மாதிரி இருந்தால் பூஞ்சை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். முழுக்க மூடுபனிபோல மங்கியிருந்தாலும் அப்படியே. அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுங்கக் கூடாது. பிறகு செங்கல் சுவரோ கட்டடமோ நேர் எதிரே வைத்து எஃப்/2.8-இல் ஒரு படம்: இடது ஓரமும் வலது ஓரமும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது அந்த லென்ஸின் குணம், ஒரு பக்கம் மட்டும் குழைந்திருந்தால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது, எங்கேயோ கீழே போட்டிருக்கிறார்கள்.

சும்மாபார்ப்பவன்:

மோட்டார் விஷயம் எனக்கு நிஜமாகவே தெரியாது, மன்னிக்கவும். இத்தனை நாள் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தேனோ.

மேடைஓரம்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஒரு சிக்மா 17-50 பார்த்தேன், செகண்ட் ஹேண்ட். டார்ச் அடித்துப் பார்த்ததில் தூசி கொஞ்சம், வலை எதுவும் இல்லை. அரைநொடி சொன்ன சோதனையை அவர் வீட்டுச் சுவரிலேயே நாட்காட்டியை வைத்துப் பண்ணினேன், மனிதர் பொறுமையாகக் காபிகூட ஆற விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். 50-இல் வியூஃபைண்டரும் லைவ் வியூவும் ஒன்றாகவே இருந்தன. 17-இல் வியூஃபைண்டர் படம் மட்டும் லேசாக மங்கல். நான் 17-இல் எடுப்பதே அபூர்வம் என்பதால் அதையே சொல்லிக் கொஞ்சம் குறைத்து வாங்கிவிட்டேன். ஒளித்துளி, 35 எஃப்/1.8 அடுத்த முறை, மறக்கவில்லை.

இன்று காலை மகள் சோபாவிலிருந்து குதிக்கும்போது 1/250, ஐ.எஸ்.ஓ. 2500. முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. ஜூம் வளையம் மட்டும் தலைகீழாகச் சுற்றுகிறது, கிட்டே இழுக்க நினைத்தால் தூரப் போகிறது. இது கோளாறா, இப்படித்தானா? இன்னொன்று, என்னிடம் இருக்கிற 52 மி.மீ. ஃபில்டர் எதுவும் இதில் மாட்டவில்லையே.

அரைநொடி:

கோளாறு இல்லை. சிக்மாவின் ஜூம் கேனான் சுற்றுகிற திசையில் சுற்றும், டாம்ரான்தான் நிக்கான் திசை. ஒரு வாரத்தில் கை பழகிவிடும், பிறகு 55-200-ஐ எடுக்கும்போது அது தலைகீழாகத் தோன்றும். ஃபில்டர் அளவு 77 மி.மீ. பாதுகாப்புக்கு என்று மலிவான யு.வி. ஃபில்டரை வாங்கி மாட்டி, இத்தனை பாடுபட்டுத் தேடிய கூர்மையைக் கெடுத்துவிடாதீர்கள். ஹுட் (லென்ஸ் முன்னால் மாட்டுகிற மறைப்பு) இருந்தால் போதும். ஹுட் கொடுத்தாரா?

மேடைஓரம்:

ஹுட் கேட்க மறந்துவிட்டேன். இதோ ஃபோன் பண்ணுகிறேன்.